அயல்நாட்டு வேலையும் கைத்திறன் கல்வியும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் காளப்பநாயக்கன்பட்டியில் நடைபெற்ற கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

அயல்நாடு செல்வோர் குறித்தும் கைத்திறன் கல்வி குறித்தும் நாடாளுமன்றக் குழுக்கள் எழுப்பியுள்ள வினாக்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தலைப்பைக் கேட்டவுடன், "டில்லியில் நடப்பதைக் கொல்லிமலை அடிவாரத்தில் பேசி என்ன பயன்?" என்று பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களில், துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, அல்லது ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்திலோ ஒரு பிள்ளை இல்லாத குடும்பம் எத்தனை என்று அவர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். டில்லியில் கேட்கப்படுவது அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வியே.

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அமைச்சர்களை வினவுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கூச்சல் மிகுதி, நேரம் குறைவு. கூச்சலின்றி வினவும் இடம் ஒன்று உண்டு. அதுவே துறைவாரி நிலைக்குழு. 1993இல் தொடங்கிய இம்முறையில், மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக ஒவ்வொரு குழுவிலும் 31 உறுப்பினர்கள் இருப்பர். பல கட்சியினரும் ஒன்றாக அமர்ந்து துறை அதிகாரிகளை அழைத்து வினவுவர், எழுத்தில் விடை பெறுவர், அறிக்கை அளிப்பர். அப்பரிந்துரைகளின்மீது என்ன செய்தோம் என்பதை அரசு மூன்று திங்களுக்குள் எழுதித் தருதல் வேண்டும். நம் தலைப்புக்கு உரியவை இரண்டு குழுக்கள். ஒன்று வெளியுறவுத் துறையை ஆராய்வது. மற்றொன்று தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுத் துறைகளை ஆராய்வது. போகிறவன் என்னவோ ஒருவன்தான். அவனுடைய கடவுச்சீட்டை ஒரு குழுவும் கைத்திறனை மற்றொரு குழுவும் விசாரிக்கின்றன. இந்தப் பிரிவினையிலேயே பாதித் தொல்லை இருக்கிறது என்பது என் எண்ணம்.

2024இல் திரு. சசி தரூர் தலைமையில் அமைந்த வெளியுறவு நிலைக்குழு, அயல்நாட்டில் வேலை செய்யும் இந்தியர்களின் நிலையைத் தனிப் பொருளாக எடுத்து ஆராய்ந்தது. அது கேட்ட முதன்மையான கேள்வி, புதிய சட்டம் வர ஏன் இத்தனை தாமதம் என்பது. 1922ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய சட்டத்துக்கு மாற்றாக 1983இல் குடிபெயர்வோர் சட்டம் வந்தது. அதனை மாற்ற 2019இல் ஒரு வரைவும் 2021இல் ஒரு வரைவும் வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை. 2025 அக்டோபரில் இன்னொரு வரைவை வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டு, நவம்பர் 7 வரை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நம் வட்டாரத்திலிருந்து யாரேனும் கருத்து எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் பள்ளிக்கூடத்தோடு நேரே தொடர்புடைய ஒரு கோடு இருக்கிறது. அதனை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என்பது அச்சட்டத்தின்கீழ் வகுத்த விதி. அவர்களுடைய கடவுச்சீட்டில் 'அனுமதி தேவை' என்னும் குறிப்பு அச்சிடப்படும். தேறியவர்க்கு அக்குறிப்பு இல்லை. முன்னர் இதைவிட உயர்ந்த படிப்புக் கேட்டார்கள். 2007இல் பத்தாம் வகுப்பு என்று இறக்கினார்கள். ஆக, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலை நேரத்தில், நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டும் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுக்கும்போது இந்தச் செய்தியை எந்த மாணவனுக்கும் யாரும் சொல்வதில்லை.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. அனுமதி தேவைப்படும் தொழிலாளி அரசின் கணக்கில் ஏறுகிறான். அவனுக்கு ஒப்பந்தம் வேண்டும்; பத்து இலட்சம் ரூபாய்க் காப்பீடு வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375 என்பது அதன் கட்டணமாக வகுக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறியவன் இவற்றிலிருந்து விடுபடுகிறான். விடுபடுகிறான் என்றால், கணக்கிலிருந்தும் விடுபடுகிறான்! தேறியவர்களும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2018 நவம்பரில் அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதனை நிறுத்தி வைத்தது. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது சட்டம் செய்தவர்களின் நம்பிக்கை. 2022இல் மியான்மரின் மியாவாடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் கணினி வேலை என்று நம்பிச் சென்றவர்கள். இணைய மோசடி செய்யுமாறு அவர்களை அங்கே அடைத்து வைத்து வதைத்தார்கள். படிப்பு ஏமாற்றத்துக்கு வேலியாகவில்லை. அறியாத நாட்டில், அறியாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவன் பட்டதாரியானாலும் பாமரன்தான்.

பெயர் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறோம். மாணவனின் பெயர், தந்தையின் முதலெழுத்து, பிறந்த நாள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திடுமாறு பெற்றோரை அழைக்கிறோம். வருபவர் பாதிப்பேர். ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் தந்தை பெயருக்கு வேறோர் எழுத்து என மூன்று விதமாக அமைந்துவிட்டால், பத்து ஆண்டு கழித்துக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் வாசலில் நிற்கும்போதுதான் அதன் வலி தெரியும். தமிழர்க்கு ஒற்றைப் பெயர் வழக்கம். முன்னெழுத்தை விரித்து எழுதுவதில் நூறு குழப்பம். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுக்கு வருகை விசா இல்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டில் பலர் திகைத்து நின்றனர். தலைமையாசிரியர் அழைக்கும் அந்த ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, வந்து கையெழுத்திடுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

காகிதம் நம் மக்களை ஆட்டுவது புதிதன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அவர்களின் பட்டியலில் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றை எழுதி வைத்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கோ கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்கள் அதற்கு முதன்மையான ஆட்கொள்ளும் இடங்களாக இருந்தன. நம் ஊர் அன்று அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. சென்றவர்களில் தாழ்த்தப்பட்ட மக்களே மிகப் பெரும் பகுதியினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். தோட்டத்தில் சேர்ந்த பின் 'துண்டு' என்னும் முறை. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக வேண்டுமானால், "இவனுடைய கடன் இவ்வளவு, அதைச் செலுத்துபவர் இவனை அழைத்துக்கொள்ளலாம்" என்று துரை எழுதிய துண்டுக் காகிதம் வேண்டும். கடனோடு சேர்த்து மனிதன் கைமாறினான். 1921இல் சட்டம் இயற்றித்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இந்தப் பழைய கதையை எதற்காகச் சொல்கிறேன்? பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் ரூ.30,000க்கும் அதன்மீதான வரிக்கும் மேல் பணம் பெறக்கூடாது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுத்த விதி. நம் தெருவில் யார் முப்பதாயிரத்தில் விமானம் ஏறினார்? தாயின் தாலிக்கொடியும் அரை ஏக்கர் நிலமும் அடமானத்துக்குப் போன பின்னரே விசா வருகிறது. அங்கே போய் முதலிரண்டு ஆண்டுச் சம்பளம் வட்டிக்குச் சரியாகிவிடுகிறது. துரையின் கையெழுத்து இல்லை என்பதைத் தவிர, துண்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சிங்கப்பூர் அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. அங்கே கட்டுமான வேலைக்குச் செல்லத் திறன் தேர்வு எழுத வேண்டும். 'டெஸ்ட் அடிப்பது' என்று நம் இளைஞர் அதனைக் கூறுவர். தேர்வுக் கூடத்தில் சேர்வதற்கே இலட்சக்கணக்கில் கடன் பட்டவர்களை நான் அறிவேன்.

இனி கைத்திறனுக்கு வருவோம். நம் மாவட்டத்துத் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு நாடெங்கும் பெயர் பெற்றது. அவ்வண்டிகள் வடமாநிலங்கள் எங்கும் ஓடுகின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. கணக்குப் பாடத்தில் தவறிப் பத்தாம் வகுப்போடு நின்ற என் மாணவன் ஒருவன், ராடு தூக்கும் ஆளாக அவ்வண்டியில் ஏறினான். எட்டு ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது, மேலே வரும் புழுதியின் நிறத்தைப் பார்த்தும் சுத்தியலின் ஓசையைக் கேட்டும் பாறை எப்படிப்பட்டது, கேசிங் குழாயை எதுவரை இறக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தான். கம்ப்ரசரைப் பிரித்து மாட்டுவான். இந்தி பேசுவான். வெளிநாட்டு வேலைக்கென்று நகரத்து முகவர் ஒருவரிடம் போனான். "என்ன படிப்பு?" என்பது முதற் கேள்வி. "ஒன்பது பாஸ்" என்றான். 'உதவியாள், திறனற்றவர்' என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

திறனற்றவர்! இந்தச் சொல்லை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் அடிப்போர், டைல்ஸ் ஒட்டுவோர், பூச்சு வேலை செய்வோர் ஆகிய இந்த நான்கு தொழிலுக்கே 2023ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இஸ்ரேல் நாடு இந்தியாவிலிருந்து ஆள் கேட்டது. மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் சம்பளம் பேசியது. (போர் நடக்கும் நாட்டுக்கு ஆள் அனுப்பலாமா என்பது வேறு கேள்வி, அனுப்பக்கூடாது என்பதே என் கருத்து.) அத்தொழில்களை நம் தெருவில் செய்யாத வீடு எது? ஆனால் செய்யத் தெரியும் என்று எழுதிய காகிதம் எந்த வீட்டில் இருக்கிறது? ஆகவே, 'உங்கள் தொழிலாளிக்குத் திறன் உண்டா?' என்று குழு கேட்பதை விட, 'அவனிடமுள்ள திறனை அளந்து எழுதித் தரும் அதிகாரி எங்கே இருக்கிறார்?' என்று கேட்பதே பொருத்தம்.

அதற்கும் ஒரு திட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று அளிக்கும் பிரிவு உண்டு. நோக்கம் நல்லது. நடந்தது என்ன? 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையரின் அறிக்கை அதனைச் சொல்கிறது. பயிற்சி பெற்றதாகக் கணக்கில் காட்டப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ சுழியாகவோ இருந்ததாம்! குறுகியகாலப் பயிற்சி வகையில் சான்று பெற்றோரில் வேலை கிடைத்தவர் நூற்றுக்கு 41 பேர் மட்டுமே. சான்றிதழ் இருக்கிறது, திறன் இல்லை. நம் பையனிடம் திறன் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. இருவரும் ஒரே முகவரின் வாசலில் நிற்கிறார்கள்.

இவ்வாறு கைத்தொழிலைப் பற்றிப் பேசும்போது நம் பெரியோர் சிலரின் முகம் வாடுவதை நான் பார்க்கிறேன். "மறுபடியும் தொழிலா? மற்றவன் பிள்ளை டாக்டருக்குப் படிக்க, நம் பிள்ளை கொத்துக்கரண்டி பிடிப்பதா?" என்பது அவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி. அந்தச் சினம் காரணமற்றதன்று. 1953இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது, 1954இல் கைவிடப்பட்டது. 2023இல் மைய அரசின் விசுவகர்மா திட்டம், குடும்பத் தொழிலைச் செய்பவர்க்கே உதவி என்னும் நிபந்தனையோடு வந்தபோது, அந்த வடிவில் ஏற்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் எழுதியது. சாதி, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் தொடங்கியது. எழுபது ஆண்டு இடைவெளியில் அதே வாதம் திரும்ப வந்ததைப் பாருங்கள்.

அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பது வேறு. அப்பன் நுழைய முடியாத பட்டறையில் பிள்ளையை நுழைப்பது வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1919இல், இருபத்தேழு வயது இளைஞராக, சவுத்பரோ வாக்குரிமைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். நம்மைப் பற்றி யாரோ கேட்டு, யாரோ விடை சொன்ன காலத்தில், நாமே விடை சொல்ல முடியும் என்று காட்டிய நாள் அது. பின்னர் 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அக்டோபர் திங்களில் தாழ்த்தப்பட்டோரின் குறைகள் குறித்து வைசிராயிடம் ஒரு நீண்ட மனு அளித்தார். அதில் அரசு வேலை மட்டும் கேட்கவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் பயில உதவித்தொகை, அயல்நாடு சென்று கற்க உதவித்தொகை, அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகள் தொழில் பழகுநராகச் சேர வாய்ப்பு ஆகியவற்றையும் கேட்டார். அயல்நாட்டையும் கைத்திறனையும் இரண்டு குழுக்களிடம் பிரித்துக் கொடுக்காமல் ஒரே மனுவில் சேர்த்து எழுதியவர் அவர். கொத்துக்கரண்டி இழிவன்று, நம் கைக்கு அது மட்டுமே என்று பிறர் முடிவு செய்வதே இழிவு. ஐ.டி.ஐ.யில் நம் பிள்ளைகளும் பொறியியல் கல்லூரியில் பிறர் பிள்ளைகளும் என்று வரிசை பிரிந்தால், பெயர் மாறிய குலக்கல்விதான். அதனைத் தடுக்க வேண்டுமானால் இரண்டு வாசலிலும் நாம் நிற்க வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பத்தாம் வகுப்புத் தேறாத முப்பது வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுமதி இல்லை என்பது விதி. பாதுகாப்புக்காக என்றார்கள். விளைவோ, சுற்றுலா விசாவில் போகும் பெண்கள்! கணக்கிலும் இல்லை, காப்பீடும் இல்லை. மறுபுறம், செவிலியர் படித்த பெண்களை செர்மனியும் ஜப்பானும் அழைக்கின்றன. 2022 டிசம்பரில் செர்மனியோடு நம் நாடு குடிபெயர்வு உடன்பாடு செய்தது. திறன் பெற்ற இந்தியர்க்கான விசாவை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அந்நாடு 2024இல் அறிவித்தது. அங்கே வாசல் மொழிதான். ஓராண்டு அமர்ந்து செர்மன் மொழி கற்றவள் உள்ளே போகிறாள். அந்த ஓராண்டு வீட்டில் யார் சோறு போடுவது என்பதே நம் கேள்வி. தாட்கோ போன்ற நிறுவனங்கள் மொழிப் பயிற்சிக்குக் கட்டணம் கொடுத்தால் மட்டும் போதாது. பயிலும் காலத்துக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தாக வேண்டும்.

குழுக்களின் வினாக்களில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று. எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கிறார்கள். எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று கேட்பதில்லை. ட்ரூரோ கப்பலின் பட்டியலில் சாதி எழுதியிருந்தது. இன்றைய குடிபெயர்வு விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இல்லை, இல்லாதது நல்லதே. கடவுச்சீட்டில் சாதியைச் சுமந்து போக யாரும் விரும்பவில்லை. ஆனால் பயிற்சிக்கும் கடனுக்கும் செலவிடப்படும் அரசுப் பணத்தில் நமக்கு எவ்வளவு வந்தது என்னும் கணக்கு வேண்டும் அன்றோ? 2024 ஜூன் 12இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். தமிழர் ஏழு பேர். அத்தகைய கட்டடங்களில் நெருக்கியடித்துப் படுப்பவர் யார், தனி வீடு எடுத்துத் தங்குபவர் யார் என்பதை வேலையின் தரம் முடிவு செய்கிறது. வேலையின் தரத்தைக் கையிலுள்ள காகிதம் முடிவு செய்கிறது.

நிலைக்குழுக்கள் சட்ட வரைவுகளை ஆராயும்போது பொதுமக்களிடமிருந்து எழுத்து மூலமான கருத்துகளைச் செய்தித்தாள் விளம்பரம் வழியாகக் கேட்பது வழக்கம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதி அனுப்புமாறு கேட்பார்கள். ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு மனு எழுத முனைந்துள்ளோம். முன்கற்ற திறனைச் சோதிக்கும் கூடம் மாவட்டத் தலைநகரில் நிற்காமல் சேந்தமங்கலம் வட்டத்துக்கும் வர வேண்டும். சோதனைக்குக் கட்டணம் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறியவரும் விருப்பப்பட்டால் காப்பீட்டிலும் பதிவிலும் எளிதில் சேர வழி வேண்டும். பயணத்துக்கு முந்தைய ஒரு நாள் அறிமுகப் பயிற்சியைச் சென்னைக்கு அலைந்து பெறாமல் அரசுப் பள்ளிகளிலேயே நடத்த வேண்டும். கட்டடம் எங்களிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில் அது காலியாகத்தான் கிடக்கிறது. இவை நான் எழுதியவை. முகவருக்கு எவ்வளவு கொடுத்தோம், ஒப்பந்தத்தில் எழுதிய வேலை என்ன, அங்கே கொடுத்த வேலை என்ன என்பதைப் போய்வந்தவர்கள்தாம் எழுத முடியும். பெயர் சொல்ல அஞ்சுவோர் பெயரின்றியே எழுதலாம். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் சங்கத்தின் படிப்பகத்தில் நான் இருப்பேன். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால், மேல்நிலை வகுப்பு மாணவிகள் இருவர் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடவுச்சீட்டும், கையில் இருந்தால் ஒப்பந்தத்தின் நகலும் எடுத்து வாருங்கள்.